கிழக்கு எல்லைக்காரி

இதில இரும் பிள்ளை. இந்தப் பையை நான் மடியில வைச்சுக்கொள்ளுறன். எங்க, முல்லைத்தீவுக்கோ? நல்லது. என்ர இறக்கம் வரைக்கும் கதைக்க ஒரு ஆள் கிடைச்சுது. உமக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமே? ரீச்சரோ? வவுனியாவில படிச்சனீரோ? அப்ப தெரியத்தான் வேணும். ஒரு கடுதாசி வாசிக்கக் கிடக்கு. இப்ப வேண்டாம், பிறகு தாறன். முதல்ல கதையைக் கேளும், கதை தெரியாமல் கடுதாசி விளங்காது.

திரும்பிப் பார்க்காதேயும். எங்களுக்குப் பின்னால நாலாவது சீற்றில, ஜன்னல் பக்கம், பச்சைச் சீலை கட்டினபடி ஒருத்தி இருக்கிறாள். ஐயோ, திரும்பாதேயும் எண்டெல்லோ சொன்னனான்! அவளின்ர பேர் கோசலாதேவி. என்ர கிழக்கு எல்லைக்காரி. இருபத்தெட்டு வருசம் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில ஒரே வேலி. இண்டைக்குக் காலமை நான் அவளுக்குக் குடுத்தது ஏழு சென்மத்துக்கும் காணும். கேக்கட்டும், நல்லாக் கேக்கட்டும், அதுக்குத்தான் சத்தமாச் சொல்லுறன்.

நான் மங்கையற்கரசி. வெள்ளைப்பாலையடியில மங்கையக்கா எண்டால் தெரியாத ஆள் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில இருபத்திரண்டு வருசம் கூப்பன் வெட்டினவள். எந்தக் கூப்பன் அட்டையில எத்தினை பேர், ஆருக்கு எவ்வளவு மா, எவ்வளவு சீனி, எல்லாம் இந்தத் தலைக்குள்ள. ஒரு ஆள் என்னில ஒரு பிழை சொல்லேலாது. சட்டமெண்டால் சட்டம். என்ர சொந்தத் தங்கச்சி வந்து நிண்டாலும் அட்டையைக் காட்டினால்தான் சாமான்.

இவள் என்ன செய்தவள் தெரியுமே? இவளின்ர மாமனார் செத்துப்போனார். செத்தவீட்டில நானே இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான். அடுத்த மாசம் அந்தாளின்ர கூப்பனையும் சேர்த்து எனக்கே நீட்டுறாள்! எனக்கே! "மாமா எங்கயடி?" எண்டு கேட்டன். கண்ணை ஒருக்காச் சிமிட்டேல்லை. "வயலுக்குப் போட்டார் அக்கா" எண்டாள். நான் விடுவனோ? சிவப்புப் பேனையை எடுத்து அந்த மனிசன்ர பேரை அட்டையில குறுக்கால வெட்டினன். ஒரு கிழமை என்னோட பேசாமல் திரிஞ்சவள். பிறகு அவளாத்தான் ஒரு சட்டி முருங்கைக்காய்க் கறியோட வந்தாள். அப்பிடித்தான் இருந்தம். சண்டை பிடிப்பம், பிறகு கறி மாறும்.

எனக்கு ஒரு பெடியன், சேந்தன். அவளின்ர மூத்தவனும் அவனும் ஒரே வயசு. பள்ளிக்கூடம் போறதும் ஒண்டா, கிணத்தில குளிக்கிறதும் ஒண்டா. கிணறு எண்டது பங்குக் கிணறு. அவளின்ர வளவுக்குள்ள கிடக்கு, ஆனால் பாதி எனக்கு. காணி உறுதியில வடிவா எழுதிக் கிடந்தது, கிணத்தில அரைப் பங்கும் போய்வர வழியும் எண்டு. உறுதி இப்ப எங்க? ஓடின ஓட்டத்தில எந்தப் பங்கருக்குள்ள கிடக்குதோ.

சண்டையின்ர கடைசி வருசம் இயக்கம் ரெண்டு பெடியளையும் பிடிச்சுக்கொண்டு போனது. பதினேழு நாள். ரெண்டும் தப்பி ஓடி வந்திட்டுதுகள். பதினேழே நாள் பிள்ளை, ஒரு துவக்கை வடிவாத் தூக்கிப் பார்த்திருக்கமாட்டுதுகள். பிறகு என்ர மனிசன் செல்லடியில செத்துப்போனார். அவருக்கு மரணச் சான்றிதழ் இருக்கு, அதையெல்லாம் நான் ஒழுங்கா எடுத்துப்போட்டன். மிச்சமாய் நானும் சேந்தனும், அவளும் அவளின்ர குடும்பமும், முகாம் முள்ளுக்கம்பிக்குள்ள பக்கத்துப் பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில போய்ச் சேர்ந்தம். அங்கயும் எனக்குக் கிழக்கால அவள்தான்! என்ர தலைவிதியைப் பாரும்.

முகாமில எல்லாம் லவுட்ஸ்பீக்கரில வரும். வெளியில போக பாஸ் வேணும். உள்ளுக்க இருக்க அட்டை வேணும். ஒரு தறப்பாளுக்குப் பன்னிரண்டு பேர். ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் ஆமிக்காரன் கையெழுத்து. சொந்தக்காரர் வந்தால் கம்பிக்கு அங்கால நிண்டு பத்து நிமிசம். சனம் திட்டித் தீர்த்தது. நான் திட்டேல்லை. எழுதி வைச்ச சட்டமெண்டால் அதுக்கொரு முடிவும் எழுதிக் கிடக்கும் எண்டு நம்பினன்.

மூண்டாம் கிழமை அந்த அறிவித்தல் வந்தது. "ஒரு நாள் எண்டாலும் இயக்கத்தில இருந்தவை வந்து பேர் பதியவேணும். பதிஞ்சவைக்குப் புனர்வாழ்வு குடுத்து ஒரு வருசத்தில விடுவம். மறைச்சவைக்கும் அவையின்ர குடும்பத்துக்கும் தண்டனை." மூண்டு தரம் சொன்னான்கள். நான் சேந்தனைப் பார்த்தன். அவன் நிலத்தைப் பார்த்தான். "அம்மா, பதினேழு நாள்தானே, ஆருக்குத் தெரியும்?" எண்டான்.

"எனக்குத் தெரியும்" எண்டன்.

நான்தான் அவன்ர தலையைச் சீப்பால இழுத்துவிட்டன். மற்றவன் ஒருத்தனிட்ட வாங்கின சேட்டு, பொத்தான் ஒண்டு இல்லை, ஊசி குத்திவிட்டன். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன், பத்தொன்பது வயசுப் பெடியனை. லைனில ரெண்டரை மணித்தியாலம் நிண்டம். மேசையில எழுதினவனுக்குத் தமிழ் மட்டுமட்டு, ஊர்ப் பேரைப் பிழையா எழுதினான். நான் விடேல்லை, திருத்தி எழுதுவிச்சன். வெள்ளைப்பாலையடி, சங்கக்கடைக்கு மேற்கால ரெண்டாவது வளவு. விலாசம் சரியா இருந்தால்தானே பிள்ளையைத் திருப்பி அனுப்புவான்? பிறகு பஸ்ஸில ஏத்தினான்கள். வெள்ளை பஸ். ஜன்னலால கையைக் காட்டினவன். நானும் காட்டினன்.

பொறும், பொறும். இப்பதான் அவளின்ர பங்கு வருது.

அவளின்ர மூத்தவனும் அதே பதினேழு நாள் இருந்தவன்தானே? அவன் லைனுக்கு வரேல்லை. ஏன் வரேல்லை? கிட்ட வாரும், இதை மட்டும் மெல்லமாச் சொல்லுறன். இவள் அவனை வேறொரு பேரில பதிஞ்சுபோட்டாள். செல்லில செத்த ஒரு சொந்தக்காரப் பெடியன்ர பேர், அவன்ர வயசு, அவன்ர பிறந்த திகதி. என்ன பேர் எண்டு உமக்குச் சொல்லமாட்டன். செத்த மாமனாருக்குச் சீனி வாங்கின கையெல்லோ! செத்தவன்ர பேரில தன்ர பிள்ளையை வைச்சுக் காப்பாத்திப்போட்டாள். இப்ப அவன் கிளிநொச்சியில ஓட்டோ ஓடுறான். கலியாணம் கட்டி ஒரு குஞ்சும் இருக்கு. காணேக்க "பெரியம்மா" எண்டு ஓடி வந்து என்ர தண்ணிக் கானை வாங்கித் தூக்குவான். சேந்தன்ர வயசு. சேந்தன்ர உயரம். எனக்கு வயிறு பத்தி எரியும் பிள்ளை.

என்ர கோபம் அவன் தப்பினதில இல்லை. இவள் எனக்குச் சொல்லேல்லை! தனக்குத் தெரிஞ்ச வழியை எனக்குச் சொன்னாளோ?

சொன்னாள்தான். அண்டைக்கு நாங்கள் வெளிக்கிடேக்க ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சவள். "மங்கையக்கா, விடாதேங்கோ, பெடியனை விடாதேங்கோ" எண்டவள். நான் கையை உதறிப்போட்டு, "உன்னைப் போல கள்ளக் கூப்பன் அட்டை வைச்சுப் பிழைக்கிற குடும்பமில்லையடி நாங்கள்" எண்டன். சுத்தியிருந்த சனமெல்லாம் கேக்கச் சொன்னனான். அதோட வாயை மூடிக்கொண்டு தள்ளிப்போய் நிண்டிட்டாள். ஒருக்காச் சொன்னாள். ஒருக்காச் சொன்னால் காணுமோ? தெரிஞ்சவள் என்ன செய்திருக்கவேணும்? என்ர காலில விழுந்திருக்கவேணும். குறுக்கால படுத்திருக்கவேணும். என்ர வாயில அடிச்செண்டாலும் பெடியனை இழுத்து விழுத்தியிருக்கவேணும். இருபத்தெட்டு வருசம் வேலியால என்ர குணத்தைப் பார்த்தவளுக்குத் தெரியாதோ, ஒருக்காச் சொன்னால் நான் கேக்கமாட்டன் எண்டு?

என்ன அப்பிடிப் பார்க்கிறீர்? நான் சொல்லுறது பிழையோ? தண்ணி கிடந்தால் ஒரு மிடறு தாரும். நன்றி பிள்ளை.

ஒரு வருசம் எண்டான்கள். அஞ்சு வருசமாச்சு. நான் ஏறாத ஒபிஸ் இல்லை, குடுக்காத மனு இல்லை. எல்லா இடத்திலயும் ஒரே கதை. "உங்கட மகன்ர பேர் பதிவில இல்லை." பதிஞ்ச பேரம்மா! நான் நிண்டு, எழுத்துத் திருத்தி, பதிஞ்ச பேர்! அது இல்லையாம். இவளின்ர வீட்டுக் கள்ளப் பேர் எல்லாப் பதிவிலயும் தங்கமாக் கிடக்கு. இதுக்கு நான் ஆரைத் திட்ட? ஆமியைத் திட்டினால் ஆமிக்குக் கேக்குமோ? இவளுக்கெண்டால் கேக்கும். பைப்படியில தண்ணிக்கு நிக்கேக்க, இவளுக்குக் கேக்கத் திட்டுவன். ஒரு நாள் திருப்பி ஒரு சொல்லுச் சொன்னதில்லை. அதுவும் ஒரு திமிர்தானே.

இப்ப காணிக் கதைக்கு வாறன். எங்கட ரெண்டு வளவிலயும் ஆமி முகாம் போட்டவன். நாங்கள் தகரக் கொட்டிலில, இடைத்தங்கல் முகாமில. போன மாசம் விதானையார், எங்கட கிராம சேவகர், வந்து சொன்னார், கொஞ்சக் காணி விடப்போறாங்களாம். அதுக்கும் சட்டம் இருக்கு. உறுதி இல்லாத ஆக்களுக்கு நாலு எல்லைக்காரரில உயிரோட இருக்கிறவை வந்து, ஓம், இது இன்னாற்ற காணி, வேலி இதில இருந்தது எண்டு கையெழுத்து வைக்கவேணும். ஒரு எல்லைக்காரர் பிணக்கு எண்டு சொன்னால் அந்தக் காணி கோட்டில வழக்கு முடியும் வரைக்கும் ஆமியோடதான். கேட்டவுடனே எனக்கு உடம்பெல்லாம் புது இரத்தம் ஓடினமாதிரி இருந்தது. அவளுக்குத் தெற்கால குளக்கட்டு. வடக்கால ரோட்டு. கிழக்கால சங்கக்கடை, அது தரைமட்டம். மேற்கால உயிரோட இருக்கிறது நான் ஒருத்தி!

என்ர கையில ரெண்டு கல்லு இருந்தது பிள்ளை. சின்னக் கல்லு, வேலி. பெரிய கல்லு, அந்தப் பேர். பெரிய கல்லை மேஜர் முன்னால எறிஞ்சிருந்தால் இண்டைக்கே அந்த ஓட்டோவை மறிச்சிருப்பாங்கள்.

இண்டைக்குக் காலமை பள்ளிக்கூடத்தில விசாரணை. மேஜர் ஒருத்தன், அரசாங்கக் கச்சேரியால வந்த கிளாக்கர் ஒருத்தர், வரைபடம் மேசை முழுக்க. கிளாக்கர்தான் அவனுக்கும் எங்களுக்கும் மொழிபெயர்க்கிறது. அவளின்ர நம்பர் நாப்பத்தொண்டு, எனக்கு நாப்பத்திரண்டு. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாங்கள். "இந்த அம்மாவின்ர காணியோ இது?" எண்டு கிளாக்கர் கேட்டார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டாள். நான் நேர நிமிர்ந்து, "எனக்குத் தெரியாது. என்ர காணியில ஒண்டரை அடி பிடிச்சு வேலி போட்டவள். பிணக்கு" எண்டன்.

பொய்யில்லை. வேலிக்குக் கதியால் நடேக்க ஒண்டரை அடி தள்ளி நட்டவள்தான். அது பேசித் தீர்ந்து இருபது வருசம், வேலியையும் பிடுங்கித் திருப்பி நட்டாச்சு. தீர்ந்த கதையைத் திருப்பி எடுத்தால் அது பொய்யோ? நான் பொய் சொல்லுறேல்லை.

மேஜர் தலையை ஆட்டினான். சிவப்புப் பேனையால அவளின்ர வளவைச் சுத்திக் கோடு கீறினான். முடிஞ்சுது! நாசமாப் போகட்டும் எண்டு மனதுக்குள்ள சொன்னன். அழுவாள் எண்டு பார்த்தன், அவள் அழேல்லை. அது ஒண்டுதான் குறை.

அடுத்தது நாப்பத்திரண்டு. கிளாக்கர் வாசிக்கிறார், வடக்கு ரோட்டு, தெற்கு குளக்கட்டு, மேற்கு ஆக்கள் ஒருத்தரும் மிச்சமில்லை, கிழக்கு கோசலாதேவி. சத்தியமாச் சொல்லுறன் பிள்ளை, அந்த நிமிசம் வரைக்கும் எனக்கு உறைக்கேல்லை! அவளுக்கு மேற்கு நான் எண்டால் எனக்குக் கிழக்கு அவள். ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியிற கணக்கு. ஒரு மாசமா அவளின்ர காணியை எப்பிடிக் கெடுக்கிறது எண்டு யோசிச்சனே தவிர என்ரயை நினைக்கேல்லை. காணி போனால் போகட்டும், எனக்கென்ன, நாளைக்குச் சாகிறவள். ஆனால் சேந்தனுக்கு நான் எழுதிக் குடுத்துவிட்ட விலாசம் அது ஒண்டுதானே? விட்டால் அவன் அங்கதானே வருவான்? தகரக் கொட்டில் நம்பர் அவனுக்கு எப்பிடித் தெரியும்?

அவள் மேசைக்குக் கிட்டப் போனாள். "இது மங்கையக்கான்ர காணி. என்ர வேலியில இருந்து ஒண்டரை அடியும் அவவின்ரதான், நான் விட்டுத் தாறன், எழுதுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுக் கையெழுத்து வைச்சாள். என்ர முகத்தைப் பார்க்கேல்லை.

எனக்கு அவளைப் பிடிச்சு உலுக்கவேணும்போல கிடந்தது. ஆர் கேட்டது உன்னட்ட? பழி வாங்கவும் விடுறாளில்லை!

அதோட முடியேல்லை. குடும்பத்தில எத்தினை பேர் எண்டு கேட்டாங்கள். ரெண்டு எண்டன். மற்றவர் எங்க எண்டு மேஜர் கேட்டான். நேரில நிக்கவேணுமாம், இல்லாட்டி மரணச் சான்றிதழ் வேணுமாம், ரெண்டும் இல்லாட்டிப் பேரை வெட்டவேணுமாம். அதுவும் சட்டம். அவன் அந்தச் சிவப்புப் பேனையை எடுத்து மூடியைக் கழட்டுறான். நானும் சங்கக்கடையில அப்பிடித்தான் கழட்டுவன், பெருவிரலால தள்ளி. பேனை கடுதாசியில முட்டுது.

"இருக்கிறான் சேர்" எண்டு ஒரு சத்தம். அவள்தான். "சேந்தன் இருக்கிறான். காலமை பைப்படியில கண்டனான். மேசன் வேலைக்குப் போட்டான். போட்டு வாறன் சின்னம்மா எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்." கண்ணை ஒருக்காச் சிமிட்டேல்லை.

கிளாக்கருக்குத் தெரியும், எங்கட பகுதி ஆள். மெல்லமா அவளிட்ட, "அம்மா, பொய்ச் சாட்சி எண்டு பிடிபட்டால் உங்கட காணி உரிமை ரத்தாகும்" எண்டார். அவள் சொல்லுறாள், "என்ர காணிதான் இப்ப போட்டுதே சேர்."

பிறகு கிளாக்கர் என்னைப் பார்த்தார். "அம்மா, இவ சொல்லுறது சரியோ?" எண்டு கேட்டார். இருபத்திரண்டு வருசம் கூப்பன் வெட்டினவள் நான். அரசாங்கக் கடுதாசியில ஒரு எழுத்துப் பொய் எழுதாதவள். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிக்கினம்.

"ஓம்" எண்டன்.

மேஜர் பேனையை மூடிப்போட்டான். எனக்குக் காணி விட்டாச்சு. அவளுக்கு இல்லை. வரைபடத்தில பார்த்தன், சிவப்புக் கோடு கிணத்தையும் சேர்த்துத்தான் போகுது. பங்குக் கிணறு இப்ப ஆமின்ர பக்கம். பரவாயில்லை, மழை பெய்யும்தானே. என்ர வீட்டுக்கும் அவளின்ர வளவுக்கும் நடுவில இனி முள்ளுக்கம்பிதான், ஆமி காவல் நிக்கிற சென்றியும் இருக்குமாம். சேந்தன் வந்தால் அந்தச் சென்றியைக் கடந்துதான் படலைக்கு வரவேணும். வருவான். நான் வாசலில நிப்பன்தானே.

நான்தான் வெண்டது. விளங்குதே? அவளுக்கு ஒரு பிடி மண் இல்லாமல் செய்துபோட்டன். பெரிய கல்லு இன்னும் கையில கிடக்கு, எறியேல்லை. ஏன் எறியேல்லை எண்டு கேக்காதேயும். வைச்சிருக்கிறன், ஒரு நாளைக்குத் தேவைப்படும். நீரும் நான் சொன்ன அந்த விசயத்தை இறங்கின இடத்தில மறந்துபோடும். ஆரிட்டயும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணும் பாப்பம்.

இந்தாரும் கடுதாசி. மடிக்காமல் பிடியும். மேல என்ர பேர் இருக்கும், அது வேண்டாம். அதுக்குக் கீழ, குடும்ப அங்கத்தவர் எண்டு போட்டிருக்கோ? அதில என்ன எழுதிக் கிடக்கு?

சேந்தன்.

வெட்டேல்லையே? குறுக்கால கோடு ஒண்டும் இல்லையே? வடிவாப் பாரும்.

இன்னொருக்கா வாசியும்.

காணும். அதுக்குக் கீழ எல்லையள் எழுதிக் கிடக்கும். வடக்கு, தெற்கு, மேற்கு வாசியும். கிழக்கை விடும். கிழக்கில முந்தி ஒரு பேர் இருந்தது, இப்ப என்ன எண்டு எனக்குத் தெரியும்.

அந்த மருத மரத்தடியில பஸ் நிப்பாட்டுவான், அதுதான் எங்கட இறக்கம். கடுதாசியைத் தாரும். இப்ப நீர் திரும்பிப் பார்க்கலாம். என்ன, நித்திரையோ? அவள் எப்பவும் அப்பிடித்தான், பஸ்ஸில ஏறினால் நித்திரை. விட்டால் முல்லைத்தீவு மட்டும் போய் இறங்குவாள், திரும்பி வர பஸ்ஸுமில்லை. பிள்ளை, ஒருக்கா எழும்பிப் போய் அவளின்ர தோளில தட்டி எழுப்பிவிடும். இறக்கம் வந்திட்டுது எண்டு சொல்லும்.

நான் சொன்னனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேயும்.